பாரத்தை எடுக்கும் முன்னே

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அடிவாரத்துச் சாலை வழியாக, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தைகளை விட்டு எண்ணச் சொல்லிக்கொண்டே மேலே போய்விடுகிறார்கள். மலைக்கு இன்னொரு வாசலும் உண்டு. அது கிழக்குப் பக்கத்தில், குப்பனூரில் இருக்கிறது. அந்த வாசல் வழியாக ஏறுகிறவர்கள் குறைவு. அவர்களில் சிலர் வழி தெரிந்தவர்கள். சிலர் கூட்டத்துக்குப் பயந்தவர்கள். மற்றவர்கள் மலைமேல் பிழைப்பு உள்ளவர்கள். நாம் முதல் தடவை அந்த வழியே போனதற்குக் காரணம் இவை ஒன்றுமில்லை. பெரிய சாலையில் மண் சரிந்து அதை அடைத்துவிட்டார்கள், வேறு கதியில்லை.

குப்பனூர்ச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலை மலையோடு பேச ஆரம்பித்துவிடுகிறது. ஒரு பக்கம் வெட்டிய கரை. மறு பக்கம் பள்ளம். மேலே போகப் போகக் காப்பித் தோட்டங்கள். காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்க சில்வர் ஓக் மரங்கள். அந்த மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிளகுக் கொடிகள். 1820-களில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் சேர்வராயன் மலை ஜனங்கள் மரத்தையும் கல்லையும் புரட்டித்தான் ஜீவனம் செய்து வருகிறார்கள். மலையின் காலடியிலோ வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கங்கள். மரம் சாயும், கல் உருளும், மழைக்காலத்தில் மண்ணும் சரியும். 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஃபெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டு மலைச் சாலைகளை எப்படிக் குலைத்துப் போட்டது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சம்பவம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். இது நடந்த கதை அன்று. நடக்கவே நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாத கதை.

ஐப்பசி மாதம், மாலை நேரம், தூறல். கொட்டச்சேட்டுக்குக் கீழே, சில்வர் ஓக் கட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது சக்கரம் சறுக்கிக் கரையில் சாய்கிறது. கட்டியிருந்த சங்கிலி அறுந்து கட்டைகள் உருளுகின்றன. லாரியிலிருந்து குதித்த கிளீனர்ப் பையன், இருபத்திரண்டு வயது, கரைக்கும் கட்டைக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறான். இரண்டு தொடைகளின்மேலும் ஒரு பெரிய அடிமரம். தலையில் அடியில்லை, மார்பில் அடியில்லை, ரத்தம் கூட அதிகம் இல்லை. பேசுகிறான். தண்ணீர் கேட்கிறான். "வலியே தெரியலைங்க, கால் மரத்துப் போச்சு" என்று சொல்கிறான். கூடியிருந்தவர்கள், "தெய்வம் காப்பாத்திடுச்சு" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

கட்டை கனமானது, நெம்புகோல் வழுக்குகிறது, கிரேன் சேலத்திலிருந்து வரவேண்டும். அது வந்து சேர்வதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. கடைசியில் கட்டை நகருகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். யாரோ டீ வாங்கிக் கொடுக்கிறார். பையனை ஒரு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே விரைகிறார்கள். குப்பனூர் தாண்டிச் சமவெளிக்கு வருமுன் அவன் தலை தொங்கிவிடுகிறது.

"பயத்திலேயே போயிட்டான்" என்று ஊரார் சொல்வார்கள். அவன் போனது பயத்தினால் அன்று. பாரம் அவனைக் கொல்லவில்லை. பாரத்தை எடுத்த விதந்தான் கொன்றது. மேல்நாட்டு வைத்தியர்கள் இதற்குச் 'சிரித்துக்கொண்டே வரும் மரணம்' என்று ஒரு பெயர் கூட வைத்திருக்கிறார்கள்.

இதன் உட்பொருளைச் சற்றே விளக்கவேண்டும். நம் உடம்பிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பில் மிகப் பெரும் பகுதி தசைகளின் நுண்ணறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம்; லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரையில் இருந்தால் இருதயத்துக்குச் சுகம். அது 6.5-ஐத் தாண்டினால் இருதயத்தின் தாளம் கெடும். அப்புறம் நின்றே போகலாம். தொடை போன்ற பெரிய தசை மணிக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும்போது அதன் அறைகளின் சுவர்கள் இற்றுப் போகின்றன. பொட்டாசியமும், அமிலமும், தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற பொருளும் வெளியே கசிந்து அங்கேயே தேங்கி நிற்கின்றன. பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் அது ஓர் அணைக்கட்டு. அணை உடைந்தால் என்ன ஆகும்? தேங்கியதெல்லாம் ஒரே வெள்ளமாக இருதயத்துக்கு ஓடுகிறது. அதே சமயத்தில், உடம்பிலுள்ள நீர் நசுங்கிய தசைக்குள் பாய்ந்து கால் பானைபோல் வீங்குகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. இந்த இரண்டு கண்டங்களையும் தாண்டினவனுக்கு மூன்றாவது கண்டம் காத்திருக்கிறது. மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ள, இரண்டொரு நாளில் சிறுநீர் நின்றுபோகும்.

இந்த வியாதியை உலகம் அறிந்துகொண்டது யுத்தத்தினாலும் பூகம்பத்தினாலுந்தான். 1908-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இத்தாலியில் மெஸ்ஸினா நகரம் பூகம்பத்தில் இடிந்து விழுந்தபோது அங்கே சென்ற வைத்தியர்கள் இதைக் கண்டு குறித்து வைத்தார்கள். 1923-ல் மினாமி என்ற ஜப்பானிய வைத்தியர், முதல் உலக யுத்தத்தில் மண்ணில் புதையுண்டு மாண்ட போர்வீரர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்து எழுதினார். இவற்றை யாரும் அதிகமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு லண்டன் நகரத்தின்மேல் குண்டு மழை பொழிந்தது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட நான்கு பேருடைய சரித்திரத்தை பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941 மார்ச்சில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லில் வெளியிட்டார்கள். வரும்போது நல்ல நிலையில் தோன்றுவார்கள். கால் மட்டும் வீங்கியிருக்கும். சில மணி நேரத்தில் உடம்பு குளிர்ந்து வியர்க்கும். ரத்தம் ஏற்றித் தேற்றினாலும் சிறுநீர் குறைந்துகொண்டே போகும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மரணம். நசுங்கிய காலை வெட்டி எடுத்தாலும் சிறுநீரகக் கேடு நிற்பதில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். கண்டுதான் என்ன? மாற்று வழி அவர்கள் கையில் அன்று இல்லை.

மாற்று வழி கிடைத்தது 1982-ல். லெபனான் தேசத்து டையர் நகரில் அந்த வருஷம் நவம்பரில் ஒரு பெரிய கட்டடம் இடிந்தது. மோசமாக நசுங்கிய ஏழு பேருக்கு, அவர்களை இடிபாட்டிலிருந்து வெளியே இழுக்கும் அந்த இடத்திலேயே நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றத் தொடங்கினார்கள். ஏழு பேரில் ஒருவருக்கும் சிறுநீரகம் கெடவில்லை! 1999-ஆம் வருஷம் துருக்கியில் மார்மரா பூகம்பம் நிகழ்ந்தபோதோ, சிறுநீரகம் கெட்டவர்கள் 639 பேர். அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. அதே தேசத்தில் 2003-ல் பிங்கோல் பூகம்பம் வந்தது. அப்பொழுது நசுங்கிய 16 பேருக்குக் கூடிய சீக்கிரத்தில் நீர் ஏற்றினார்கள். அவர்களில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் நான்கே பேர். அந்த நால்வரும் மற்றவர்களைக் காட்டிலும் நேரங்கழித்து நீர் ஏற்றப்பட்டவர்கள். ஓர் உப்பு நீர்ப் பையின் விலையையும் ஒரு டயாலிசிஸ் யந்திரத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வாசகர்களுக்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

பூகம்பமும் குண்டு மழையும் நமக்கு வெகு தூரம் என்று எண்ணவேண்டாம். 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, சனிக்கிழமை மாலை, சென்னை போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையோடு மழையாகச் சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள்; 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் நாட்டுக் கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கான்கிரீட்டைத் துளைத்துத் துளைத்து வழி செய்தார்கள். மூன்று நாள் புதைந்து கிடந்த மனிதரும் உயிரோடு வந்தார். துளை போட்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்தோம், படங்களும் பார்த்தோம். அப்படிப்பட்டவர்கள் வெளியே வந்ததும் அவர்களுடைய சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதி உட்கார்ந்திருக்க வேண்டிய செவிலியரை யாரும் படம் பிடிப்பதில்லை. அது படத்துக்கு ஏற்ற காரியமும் இல்லைதான்.

ஆகவே கொட்டச்சேட்டுக்குக் கீழே கட்டையின் அடியில் கிடக்கும் நம் பையனிடம் திரும்பிப் போவோம். இந்தத் தடவை, முதல் கட்டை உருண்ட உடனேயே யாரோ ஒருவர் 108-க்குப் பேசிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

2008-ஆம் வருஷம் செப்டம்பரில் தமிழ் நாட்டில் தொடங்கிய இந்த ஆம்புலன்ஸ் ஊழியத்தில், வண்டியோடு வரும் மருத்துவ உதவியாளர்களில் செவிலிப் படிப்பு முடித்தவர்கள் பலர் உண்டு. நம் கதையில் வருகிறவள் அப்படி ஒரு பெண். தோளில் பையோடு இறங்கி ஓடிவருகிறாள். கூட்டம் வழி விடுகிறது. அவள் கட்டையைப் பார்க்கவில்லை. முதலில் மேலே சாய்ந்து நிற்கும் லாரியைப் பார்க்கிறாள். அது இன்னும் சறுக்குமா, மற்றக் கட்டைகள் உருளுமா என்று கேட்கிறாள். சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் பையன் பக்கத்தில் மண்டியிடுகிறாள்.

"தம்பி, உங்க பேரு என்ன?"

அவன் சொல்கிறான். தெளிவாகப் பதில் சொன்னால் மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தம். ஒரே கேள்வியில் இரண்டு பரீட்சை முடிந்தது. மார்பு இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா, வயிறு கல்போல் இருக்கிறதா, கழுத்தில் வலி உண்டா என்று பார்க்கிறாள். பாரம் மார்பின்மேலோ கழுத்தின்மேலோ இருந்தால் அது வேறு விஷயம். அங்கே மூச்சே நின்றுவிடும். ஒரு க்ஷணமும் தாமதியாமல் எடுத்தாக வேண்டும். இங்கே பாரம் தொடையின்மேல். ஆகவே அடுத்த கேள்வி:

"எத்தனை மணிக்கு விழுந்துச்சு?"

"இப்பத்தான்" என்கிறார் ஒருவர். "ஒரு மணி நேரம் இருக்கும்" என்கிறார் இன்னொருவர். டீக்கடைக்காரர், "பள்ளிக்கூடப் பஸ் போனப்புறம்" என்கிறார். அவள் லாரி டிரைவரின் கைப்பேசியை வாங்கி, அவர் முதலாளிக்கு முதல் தடவை பேசிய நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறாள். ஐந்து மணி பத்து நிமிஷம். இந்தச் சிறு குறிப்பு அன்றிரவு முழுவதும் அவனோடு பிரயாணம் செய்யும். ஒரு மணி நேரமா, நான்கு மணி நேரமா என்பதைப் பொறுத்துத்தான் எல்லா முடிவுகளும். பெரிய தசை கடுமையாக நசுங்கினால் ஒரு மணி நேரத்திலேயே விபரீதம் ஏற்படலாம். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் ஏற்பட்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

"கால் மரத்துப் போச்சுக்கா. வலியே இல்லை."

கூட்டத்துக்கு இது நல்ல செய்தி. அவளுக்கு இது கெட்ட செய்தி. நரம்பும் ரத்தமும் அழுத்தப்பட்டிருக்கின்றன. பாதத்தைத் தொடுகிறாள், சில்லென்று இருக்கிறது, நாடி கிடைக்கவில்லை. கைப்பக்கம் வந்து, புறங்கையில் பெரிய ஊசியைக் குத்தி உப்பு நீர்ப் பையை மாட்டுகிறாள். மாட்டக் கம்பம் ஏது? கரையில் நிற்கும் சில்வர் ஓக் கிளைதான் கம்பம். இந்த உப்பு நீர் சாதாரண சலைன். மருத்துவமனைகளில் வழக்கமாக ஏற்றும் ரிங்கர் லாக்டேட் இங்கே உதவாது. அதில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கிறது. எதற்குப் பயந்து நிற்கிறோமோ அதையே ஏற்றுவது போலாகும். வளர்ந்த மனிதனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்பது கணக்கு. கிழவராயிருந்தால், இருதய நோயாளியாயிருந்தால், அளவைக் குறைத்து, மார்பில் நீர் கோக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஏற்றவேண்டும்.

நனைந்த சட்டையை நீக்கி மார்பில் ஈ.ஸி.ஜி. ஒயர்களை ஒட்டுகிறாள். கம்பளி போர்த்துகிறாள். இதற்குள் கிரேனும் வந்துவிடுகிறது. இங்கேதான் அவளுக்கு உண்மையான சோதனை. பத்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள் சங்கிலியைக் கட்டையில் மாட்டிவிட்டுத் தயாராய் நிற்கிறார்கள். "தூக்குங்கப்பா!" என்று நாலு பேர் சத்தம் போடுகிறார்கள். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "நான் சொல்ற வரைக்கும் யாரும் தூக்கக் கூடாது" என்று சொல்லவேண்டும். சொல்கிறாள். கோபித்துக்கொள்கிறார்கள். பையன் துடிக்கும்போது ஒரு பை தண்ணீருக்காகக் காத்திருப்பதா என்று கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் இருந்திருந்தால் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

அவள் தொலைபேசியில் டாக்டரிடம் நேரத்தையும், நாடியையும், ஏறிய நீரின் அளவையும் சொல்கிறாள். உத்தரவு கிடைக்கிறது. கட்டை மெதுவாக எழும்புகிறது. எல்லாக் கண்களும் கட்டையின்மேல். அவள் கண் மட்டும் சிறு பெட்டியின் திரையில். பொட்டாசியம் ஏறினால் அந்தக் கோட்டில் ஓர் அலை கூர்மையான கோபுரம்போல் உயரும். பிறகு அலைகள் அகலும். கோபுரம் தெரிந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசி இருதயத்துக்குக் கவசம். பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து தற்காலிகமாக அறைகளுக்குள் துரத்த இன்சுலினும் குளுக்கோஸும், மூச்சில் இழுக்கும் சால்புட்டமால் புகையும் உண்டு.

கால் விடுபட்டதும் நம் ஊரில் தைலப் புட்டியோடு ஒருவர் வந்துவிடுவார். அவருடைய நல்லெண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நசுங்கிய காலைத் தேய்க்கக் கூடாது. இறுக்கித் துணி சுற்றவும் கூடாது. பீறிட்டு ரத்தம் ஓடி வேறு எந்த விதத்திலும் நிற்காவிட்டால் மட்டுமே மேலே இறுக்கிக் கட்டுவது. தலையணைகளை அடுக்கிக் காலை உயர்த்துவதும் தவறு. உயர்த்தினால் ஏற்கனவே குறைந்துள்ள ரத்தம் இன்னும் குறையும். காலை இருதயத்தின் மட்டத்தில் வைப்பதே முறை.

இங்கே ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் வழிப்போக்கர்களான நாம் என்ன செய்வது? பாரம் விழுந்து சில நிமிஷங்களே ஆகியிருந்து, ஆபத்தில்லாமல் எடுக்க முடிந்தால், எடுத்துவிடலாம். நேரம் கடந்துவிட்டால் எடுப்பதா, காத்திருப்பதா என்பதில் முதலுதவிச் சங்கங்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. சில தேசங்களில் கால் மணி நேரத்தை எல்லையாகச் சொல்கிறார்கள், சில தேசங்களில் எவ்வளவு நேரமானாலும் எடு என்கிறார்கள். நமக்கு எளிய வழி, 108-க்குப் பேசும்போதே எவ்வளவு நேரமாய் அகப்பட்டிருக்கிறார் என்பதைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி கேட்பது. ரத்தம் வருமிடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கலாம். போர்த்தலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். விழுந்த நேரத்தை எழுதி வைக்கலாம். இந்தக் கடைசி உதவிக்குப் பலமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். ஆனால் யாரும் செய்வதில்லை.

மலையிறங்கி, சேலம் அரசினர் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி வந்து சேர்கிறது. இனிமேல் பொறுப்பு வார்டுச் சிஸ்டருடையது. வண்டியில் வந்த பெண் குறிப்புத் தாளைக் கொடுக்கிறாள்: விழுந்தது 5.10, பாரம் நீங்கியது 8.25, நீர் இவ்வளவு, நாடி இவ்வளவு. சிஸ்டர் அதைக் கேஸ் தாளின் முதற்பக்கத்தில் குத்தி வைக்கிறார். உடனே சிறுநீர்ப் பைக்குள் டியூப் போடப்படுகிறது. முதலில் வந்த சிறுநீர் கருப்பட்டிக் காப்பியின் நிறம். ரத்தமோ என்று பையனின் மாமா அலறுகிறார். அது ரத்தம் இல்லை, கரைந்த தசை. சோதனைத் தாள் 'ரத்தம் உண்டு' என்று காட்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிவப்பணுக்கள் இரா. இந்த முரண்பாடே வியாதியின் கையெழுத்து.

சாதாரணமாக ஒரு மனிதனுக்கு மணிக்கு முப்பது, நாற்பது மில்லி சிறுநீர் வந்தால் செவிலியர் திருப்தியடைவார்கள். இங்கே மணிக்கு இருநூறு முதல் முந்நூறு மில்லி வரவேண்டும். குழாய்களில் அடைத்தது கழுவிக்கொண்டு போகவேண்டும் அல்லவா? ஆகவே ஒவ்வொரு மணிக்கும் அளவு, நிறம், உள்ளே போன நீர், வெளியே வந்த நீர். உள்ளே போவது மட்டும் ஏறி, வெளியே வருவது ஏறாவிட்டால், நுரையீரலில் நீர் கோக்கப்போகிறது என்று முன்கூட்டியே கூவ வேண்டியவர் அந்தத் தாளை எழுதுகிறவர்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பொட்டாசியம், நாள்தோறும் கிரியாட்டினின், தசை எவ்வளவு கரைந்தது என்பதைக் காட்டும் சி.கே. என்ற பரீட்சை. சி.கே. ஐயாயிரத்தைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு அபாயம் என்று கொள்வார்கள்.

வலிக்கு ஊசி போடவேண்டும். எந்த ஊசி என்பது முக்கியம். நம் நாட்டில் வலி என்றாலே டைக்குளோஃபெனாக் ஊசிதான். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. ஆட்டங்கண்ட சிறுநீரகத்தின்மேல் இன்னொரு அடி. அவசரத்தில் அந்தப் பெயர் சீட்டில் எழுதப்பட்டிருந்தால், "டாக்டர், இவருக்கு யூரின் கறுப்பாகப் போகிறது" என்று மரியாதையாக நினைவூட்ட வேண்டியவர் சிஸ்டரே. தடுப்பு ஊசிகளில் டெட்டனஸ் ஊசியை மறக்கக் கூடாது. மண்ணும் மரப்பட்டையும் பட்ட காயம்.

இரவு பதினொரு மணிக்குக் காலில் வேறொரு நாடகம் ஆரம்பிக்கிறது. சிஸ்டர் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் நாடாவால் அளந்து, அளந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார். இடது தொடை இரண்டு அங்குலம் பெருத்துவிட்டது. தொட்டால் மரக்கட்டை. இடுப்பிலிருந்து முழங்கால் வரையில் தசைகள் உறுதியான சவ்வு உறைகளுக்குள் இருக்கின்றன, உறை விரியாது, உள்ளே வீக்கம் பெருகினால் தசை தன்னையே நெரித்துக்கொள்ளும். சிஸ்டர் முழங்காலைச் சற்றே மடக்கிப் பார்க்கிறார். பையன் கத்துகிறான். சற்று முன் வலி மருந்து கொடுத்தாயிற்று. காயத்துக்குத் தகாத வலி. தசையை இழுத்தால் பொறுக்காத வலி. இதுதான் முதல் அடையாளம். பாதத்தில் நாடி இன்னும் துடிக்கிறது. நாடி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டால் காரியம் கெட்டது. நாடி அற்றுப்போவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்த நேரத்துக்கு அப்புறம் காலைக் காப்பாற்றுவது துர்லபம். இரவென்று பாராமல் அறுவை வைத்தியரை எழுப்பவேண்டும். அவர் வந்து உறையை நீளக் கீறி விடுகிறார்; தசை மூச்சு விடுகிறது. கீறிய புண்ணை உடனே தைக்க மாட்டார்கள். பல நாட்கள் அந்தத் திறந்த புண்ணைச் சுத்தமாய்க் கட்டி, சீழ் வைக்கிறதா என்று பார்த்து வருவதும் செவிலியர் வேலைதான்.

விடியற்காலம் நாலு மணிக்குப் பொட்டாசியம் 6.1 என்று சீட்டு வருகிறது. மறுபடியும் இன்சுலின், மறுபடியும் புகை. ஆறு மணிக்கு 5.6. சிறுநீர் கருப்பட்டிக் காப்பியிலிருந்து கடுந்தேநீருக்கு வந்திருக்கிறது. இதுவும் பலிக்காவிட்டால் டயாலிசிஸ் இருக்கிறது. அதற்குப் போனவர்களும் மனம் உடையவேண்டியதில்லை; உயிர் தப்பினவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

காலை ஏழு மணிக்கு, பையனுடைய தாயார் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்கிறாள். முகத்தில் தூக்கமில்லை. கையில் ஒரு பை. அதில் நான்கு இளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம், ஆறு சாத்துக்குடி. அடிபட்டுப் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தமிழ்த் தாய் வேறு என்ன கொண்டுவருவாள்? நாமெல்லோரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இவைதானே? இவை மூன்றும் பொட்டாசியக் களஞ்சியங்கள். ஓர் இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. நல்ல சிறுநீரகம் அதைச் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும். இந்தப் பையனுடைய சிறுநீரகத்துக்கு இப்போது அந்தச் சக்தி இல்லை. இரவெல்லாம் மருந்தால் இறக்கிய பொட்டாசியத்தை, அன்பு ஒரே டம்ளரில் ஏற்றிவிடும்.

"சூடு தணியட்டும்னு கொண்டாந்தேன் சிஸ்டர். ரெண்டு வாய் குடுக்கட்டுமா?"

சிஸ்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார். ராத்திரி நடந்ததைச் சொல்கிறார். கட்டிலுக்கு அடியில் தொங்கும் பையைக் காட்டி, "அம்மா, இந்தத் தண்ணி வெளுத்து வரணும். அது வரைக்கும் இளநீர் வேண்டாம், பழம் வேண்டாம். நான் சொல்றப்பக் குடுங்க" என்கிறார். தாயார் தலையை ஆட்டுகிறாள். இளநீர்ப் பையை எடுத்து ஜன்னலோரம் வைக்கிறாள். பிறகு, சிஸ்டர் கேட்காமலே, கட்டிலின் பக்கத்தில் குனிந்து அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறாள்.

எட்டு மணிக்கு அடுத்த அளவு: இருநூற்று இருபது மில்லி, தேநீர் நிறம், சற்றே வெளுப்பு. சிஸ்டர் தாளில் எழுதிவிட்டு, பகல் முறைக்கு வந்தவரிடம் பேனாவைக் கொடுக்கிறார்.